‘காணாமல் போனவர்’ வேறு, ‘காணாமல் ஆக்கப்பட்டவர்’ வேறு: ஓர் ஆங்கிலச் சொல் தமிழுக்கு வரும்போது நடப்பது என்ன?

ஆங்கிலத்தில் ‘மிஸ்’ என்று ஒரு சின்ன வினைச்சொல் இருக்கிறது. பஸ்ஸைத் தவறவிட்டாலும் அந்தச் சொல்தான். குறி தப்பினாலும் அதுதான். வெளிநாட்டிலுள்ள பிள்ளையை நினைத்து ஏங்கினாலும் அதுதான். அதிலிருந்து வரும் ‘மிஸ்ஸிங்’ என்ற சொல் புத்தகத்தில் கிழிந்துபோன பக்கத்தையும் குறிக்கும். 2009 மே மாதத்துக்குப் பின் வீடு திரும்பாத மகனையும் குறிக்கும்.

இப்படிப் பல பொருள் தரும் சொல்லை வேறு மொழிக்குக் கொண்டுபோகும்போது மொழிபெயர்ப்பாளர் ஒரு பொருளைத் தெரிவு செய்தே ஆக வேண்டும். ஸ்பானிய மொழியில் பஸ்ஸைத் தவறவிடுவதற்கு ஒரு வினை, பக்கம் குறைவதற்கு இன்னொரு வினை, ஆளை நினைத்து ஏங்குவதற்கு மூன்றாவது வினை. ஆளையே காணவில்லை என்றால் ‘தெசபரெசீதோ’ என்ற தனிச்சொல். தமிழிலும் அப்படித்தான். ஆனால் யுத்தம் நடந்த மண்ணில் இந்தத் தெரிவு அகராதியோடு முடிந்துவிடுவதில்லை. அலுவலகத்தின் பெயர்ப்பலகையிலும், சான்றிதழிலும், முறைப்பாட்டுப் படிவத்திலும் அது வந்து நிற்கிறது. யார் என்ன செய்தார் என்பதை அந்தச் சொல் சொல்லவும் கூடும், சொல்லாமல் மறைக்கவும் கூடும்.

போனாரா, ஆக்கப்பட்டாரா?

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட அலுவலகத்தை நாம் ஓ.எம்.பி. என்கிறோம். அதன் தமிழ்ப் பெயரில் இருப்பது ‘காணாமற்போன ஆட்கள்’. ‘போ’ என்பது தன்வினை. ஆடு காணாமல் போகும், சாவி காணாமல் போகும். அந்த வாக்கியத்தில் போனவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

‘காணாமல் ஆக்கப்பட்டவர்’ என்று சொன்னால் இலக்கணமே மாறிவிடுகிறது. ‘ஆக்கு’ பிறவினை, ‘ஆக்கப்பட்ட’ செயப்பாட்டுவினை. ஆக்கியவரின் பெயர் வாக்கியத்தில் இல்லாவிட்டாலும் ஆக்கியவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அந்த வினை ஒத்துக்கொள்கிறது. வடக்கு கிழக்கில் உறவுகளைத் தேடும் தாய்மார் தங்கள் சங்கத்தின் பெயரில் ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று வைத்துக்கொண்டது இதனால்தான். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தின் பதாகைகளில் எழுதப்பட்டதும் அதே சொல்தான்.

இந்த இடத்தில் ஸ்பானிய மொழியின் வரலாறு நமக்கு மிக அருகில் வருகிறது. ஆர்ஜென்டீனாவில் 1976இல் ஆட்சியைப் பிடித்த இராணுவம் ஆயிரக்கணக்கானோரைப் பிடித்துச் சென்று மறைத்தது. 1977 ஏப்ரல் 30 அன்று தாய்மார் சிலர் தலைநகரின் ‘பிளாசா தே மாயோ’ சதுக்கத்தில் கூடினர். ஸ்பானிய மொழியிலும் ‘மறைந்துபோ’ என்பது அதுவரை தன்வினைதான். இலத்தீன் அமெரிக்க மக்கள் அதையே பிறவினையாகத் திருப்பினார்கள்: ‘அவன் மறைந்துபோனான்’ என்பதை ‘அவனை மறையச் செய்தார்கள்’ என்று பேசத் தொடங்கினார்கள். பின்னர் ஆங்கிலமும் அதைப் பின்பற்றியது. வடக்கு கிழக்குத் தாய்மார் தமிழில் செய்ததும் அதையேதான். சிங்களத்திலும் ‘அதுருதஹன் வூ’ என்றால் காணாமற்போன, ‘அதுருதஹன் கரணு லெபூ’ என்றால் காணாமல் ஆக்கப்பட்ட. இந்த வேறுபாட்டைச் சொல்ல மூன்று மொழியிலும் வழி இருக்கிறது.

சட்டம் இரண்டையும் எப்படிப் பார்க்கிறது?

ஓ.எம்.பி. சட்டம் ‘மிஸ்ஸிங்’ என்பதைக் குடைச்சொல்லாகப் பயன்படுத்துகிறது. வடக்கு கிழக்கு யுத்தத்தின் விளைவாகவோ அதன் பின்விளைவாகவோ கதி தெரியாமற்போனவர்கள், போர்க்களத்தில் காணாமற்போன படையினரும் பொலிஸாரும், அரசியல் கலவரங்களில் காணாமற்போனவர்கள், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்கள் எல்லோரும் அதற்குள் அடங்குகிறார்கள். இதில் ஒரு வசதியும் உண்டு. யார் பிடித்தது என்று நிரூபிக்காமலேயே ஒரு குடும்பம் முறைப்பாட்டைப் பதியலாம். ஆனால் அந்த ஒரே குடையின் கீழ் வெள்ளைவானில் கடத்தப்பட்டவரும், இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவரும், ஷெல் வீச்சின்போது பிரிந்துபோனவரும் ஒரே பெயரைப் பெறுகிறார்கள்.

‘வலிந்து காணாமல் ஆக்குதல்’ என்பது அதைவிட இறுக்கமான சொல். 2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட சமவாயம் அதற்கு வரைவிலக்கணம் தருகிறது. அரச முகவர்களோ, அரசின் அனுமதியோடும் ஆதரவோடும் இயங்குபவர்களோ ஒருவரைக் கைது செய்வது, தடுத்து வைப்பது அல்லது கடத்துவது முதற்பாதி. அப்படி நடக்கவில்லை என்று மறுப்பது அல்லது அவரது கதியையும் இருப்பிடத்தையும் மறைத்து, சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே அவரை நிறுத்துவது மறுபாதி. இலங்கை இதை 2016 மே மாதத்தில் ஏற்று உறுதிப்படுத்தியது. 2018இன் 5ஆம் இலக்கச் சட்டம் அதை உள்நாட்டில் குற்றமாக்கியது.

சமவாயத்தின் ஸ்பானிய உரையும் ஆங்கில உரையும் சமமான அதிகாரம் உள்ளவை. தமிழுக்கு அந்த இடம் இல்லை. நமக்குக் கிடைப்பது மொழிபெயர்ப்பு. உள்நாட்டில் அரசியலமைப்பின் 23ஆம் உறுப்புரைப்படி சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட வேண்டும். ஆனால் இரண்டுக்கும் இடையே முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்ற பிரிவு நமது சட்டங்களின் கடைசியில் வழக்கமாக வருகிறது. ஆகவே தமிழ்ச் சொல்லை மட்டும் வைத்துச் சட்டத்தின் பொருளை முடிவுசெய்ய முடியாது.

‘இல்லாமை’ என்றால் என்ன?

ஆங்கிலத்தில் ‘அப்சென்ஸ்’ என்பது பள்ளிக்கூட வரவுப்பதிவேட்டில் வரும் சாதாரணச் சொல். அதே சொல்தான் 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அறிமுகப்படுத்திய சான்றிதழின் பெயரிலும் இருக்கிறது. தமிழில் ‘காணாமற்போனமைக்கான சான்றிதழ்’ என்றும் ‘இல்லாமைச் சான்றிதழ்’ என்றும் அது பலவாறு எழுதப்படுகிறது. ‘இல்லாமை’ நம்மிடம் வறுமையையும் குறிக்கும். ‘ஆள் இல்லை’ என்றாலோ, யாழ்ப்பாணத்து வீடுகளில் அது சாவுச் செய்தியாகவே காதில் விழும். ஆங்கிலச் சொல்லில் உள்ள ‘இப்போது இங்கே இல்லை’ என்ற பொருள் தமிழில் எளிதில் வருவதில்லை.

எனவே பெயரை விட்டுவிட்டு அந்தத் தாள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி, யுத்தம் அல்லது கலவரம் காரணமாக ஒரு வருடத்துக்கு மேல் தகவல் இல்லாதவருக்கு மரணப் பதிவு செய்யலாம். அதை ஏற்க மறுத்த குடும்பங்களுக்கு 2016இன் திருத்தம் இன்னொரு வழியைத் திறந்தது. இந்தச் சான்றிதழ் இறப்பை உறுதிப்படுத்துவதில்லை. சமூகநலக் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கவும், காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாக நிர்வகிக்கவும், பிள்ளைகளின் தற்காலிகப் பாதுகாவலராகவும் இது உதவும். 2019 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட மாதாந்த 6,000 ரூபாவும் இந்தச் சான்றிதழ் வைத்திருப்போருக்கானதே.

ஆர்ஜென்டீனாவும் இதே சந்தியில் நின்றது. 1979இல் இராணுவ ஆட்சி, காணாமல் ஆக்கப்பட்டவர்களை இறந்தவர்களாகக் கருத வழிசெய்யும் சட்டம் கொண்டுவந்தது, குடும்பங்கள் எதிர்த்தன. மக்களாட்சி திரும்பிய பின், 1994இல் வந்த 24,321ஆம் இலக்கச் சட்டம் ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டதால் இல்லாதவர்’ என்ற சட்டநிலையை உருவாக்கியது. அங்கே இல்லாமையும் அதன் காரணமும் ஒரே தொடரில் எழுதப்பட்டன. நமது சான்றிதழின் பெயரில் காரணம் இல்லை. அதைப் பெறுவதா விடுவதா என்பது ஒவ்வொரு குடும்பத்தின் முடிவு. ஆனால் அது மரணச் சான்றிதழ் என்று எண்ணி விடுவதும் தவறு, அத்தோடு தேடல் முடிந்துவிடும் என்று அஞ்சுவதும் தவறு.

ஈடும் திருப்தியும்

2018இன் 34ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த அலுவலகத்தைத் தமிழில் இழப்பீட்டு அலுவலகம் என்கிறோம். இழப்பீடு என்றதும் காசுதான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் உள்ள மூலச்சொல்லின் வேர் ‘பழுதுபார்த்தல்’. சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை அதன் கீழ்க் காசோடு நிறுத்தாமல் முன்பிருந்த நிலைக்கு மீட்டல், புனர்வாழ்வு, கண்ணியத்தையும் நற்பெயரையும் மீட்டுத் தருதல், மீண்டும் நிகழாது என்ற உத்தரவாதம் ஆகியவற்றையும் வைக்கிறது. ‘பரிகாரம்’ என்ற நம் சொல் இதற்குச் சற்று நெருங்கி வரும். ஆனால் சாத்திரியார் சொல்லும் கிரகதோஷப் பரிகாரமும் அதற்குள் வந்து ஒட்டிக்கொள்கிறது.

அதே பட்டியலில் ‘சற்றிஸ்ஃபக்ஷன்’ என்ற சொல்லும் உண்டு. நேரடியாகத் தமிழாக்கினால் ‘திருப்தி’. சாப்பாடு திருப்தியா என்று கேட்கும் அதே சொல். ஆனால் சர்வதேசச் சட்டத்தில் அதன் பொருள் வேறு: உண்மையைப் பகிரங்கப்படுத்துதல், நடந்ததை ஒப்புக்கொள்ளுதல், மன்னிப்புக் கேட்டல், நினைவுகூருதல் போன்றவை. ‘பாதிக்கப்பட்டோருக்குத் திருப்தி அளித்தல்’ என்று படிவத்தில் வந்தால் அதை மனநிறைவு என்று வாசிக்கக்கூடாது. 2022 மார்ச்சில் ஒரு குடும்பத்துக்கு 100,000 ரூபா என்று அமைச்சரவை முடிவெடுத்தபோது தாய்மார் கேட்ட கேள்வி காசின் அளவைப் பற்றியதல்ல. பட்டியலின் மற்ற வரிகள் எங்கே என்பதே அவர்கள் கேட்டது.

செம்மணியில் ஒரு சொல்

1999இல் செம்மணியில் 15 பேரின் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. 2025இல் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட என்புத் தொகுதிகள் அடையாளம் காணப்பட்டன. புத்தகப் பை, பொம்மை, பால்போத்தல் ஆகியவையும் வெளிவந்தன. ஆங்கில அறிக்கைகளில் வரும் சொல் ‘ரிமெயின்ஸ்’. மிஞ்சியிருப்பது என்பது அதன் அடிப்படைப் பொருள். முழு உடலையும் குறிக்கும், ஒரு துண்டு எலும்பையும் குறிக்கும். தமிழில் சிலர் ‘எச்சங்கள்’ என்கிறார்கள், சிலர் ‘எலும்புக்கூடுகள்’ என்கிறார்கள், சிலர் ‘உடல்கள்’ என்கிறார்கள். மூன்றும் ஒன்றல்ல. ஒரே ஆளின் எலும்புகள் இரண்டு இடத்தில் கிடக்கலாம். ஒரே குழியில் பலருடையவை கலந்திருக்கலாம். எத்தனை பேர் என்பதை நிபுணர்கள் தனியாகக் கணக்கிட வேண்டும். ஆகவே எண்ணிக்கையை வாசிக்கும்போது அது எதன் எண்ணிக்கை என்று பாருங்கள்.

படிவம் கையில் வரும்போது

வடக்கு கிழக்கில் தமிழும் நிர்வாக மொழி. உங்கள் முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்கவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. சம்பவத்தை விவரிக்கும் இடத்தில் படிவத்தின் சொல்லைத் திருப்பி எழுத வேண்டியதில்லை. ‘காணாமல் போனார்’ என்று முடிக்காமல், நடந்த வினையை எழுதுங்கள்: யார் கூட்டிச் சென்றார்கள், எங்கே வைத்து, எந்தத் திகதியில், யார் பார்த்தார்கள். வட்டுவாகலில் பிள்ளையைக் கையளித்த தாய் ‘கையளித்தேன்’ என்றே எழுத வேண்டும். ‘சரணடைந்தார்’ என்று எழுதினால் கையளித்தவரும் பொறுப்பேற்றவரும் அந்த வாக்கியத்திலிருந்து விடுபட்டுவிடுவார்கள்.

வாக்குமூலம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பதியப்பட்டால் கையெழுத்துக்கு முன் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வினைச்சொற்களைக் கவனித்துக் கேளுங்கள். ‘போனார்’, ‘ஆக்கப்பட்டார்’, ‘கொண்டு செல்லப்பட்டார்’ என்பவற்றில் எது எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு பிரதியையும் வாங்கி வையுங்கள். பிழையாக இருந்தால் அந்த இடத்திலேயே திருத்தக் கேளுங்கள். பல வருடம் கழித்து அந்தக் கோப்பை எடுத்து வாசிக்கும் அதிகாரிக்கும் நீதிபதிக்கும் உங்கள் குரல் கேட்காது. அந்தத் தாளில் இருக்கும் வினைச்சொல்தான் அவர்களுக்குத் தெரியும்.