8 மணி நேரம் என்றால் எப்போது வரை?

அப்பாவின் 70வது பிறந்தநாளை ஈப்போவில் ஒரு சிறு மண்டபத்தில் கொண்டாட ஏற்பாடு செய்திருந்தோம். என் பங்கு, 40 நிமிடப் படம் ஒன்றைத் தயாரிப்பது. பழைய புகைப்படங்கள், வீடியோ டேப்பிலிருந்து மாற்றிய காட்சிகள், அப்பாவோடு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த நண்பர்களின் முகங்கள் எல்லாம் அதில் இருந்தன.

கடைசி வேலை, துண்டு துண்டான காட்சிகளை ஒரே வீடியோவாக மாற்றுவது. என் பழைய மடிக்கணினிக்கு அதற்கு 7 மணி நேரம் வேண்டும். நடுவில் கணினி தூங்கிவிட்டால் வேலையும் நின்றுவிடும். அதனால் கணினியை விழித்திருக்க வைக்கும் சிறிய செயலி ஒன்றை நிறுவியிருந்தேன்.

முதல் நாள் மாலை 7 மணிக்கு அதில் '8 மணி நேரம்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அந்த நேரம் பார்த்து உறவினர்கள் வந்தார்கள். கணினியை மூடிவைத்துவிட்டு எழுந்தேன். இத்தகைய செயலிகள் பெரும்பாலும் நாம் தொடாமல் விடும்போது வரும் தூக்கத்தைத்தான் தடுக்கும். மூடியை மூடினால் கணினி தூங்கத்தான் செய்யும்.

இரவு 11 மணிக்குத் திறந்தேன். '8 மணி நேரம்' என்பதன் பக்கத்தில் சரிக்குறி அப்படியே இருந்தது. கணினி தூங்கியபோது கணக்கும் நின்றிருக்கும், முழு நேரமும் மிச்சம் இருக்கிறது என்று நினைத்தேன். வேலையைத் தொடக்கிவிட்டுப் படுத்தேன்.

காலை 5.30க்கு எழுந்தால் கறுப்புத் திரை. விசையைத் தட்டியதும் தெரிந்தது, பாதிக்குச் சற்று மேல்தான் முடிந்திருந்தது.

6.30க்குக் கிளம்பியாக வேண்டும். ஷா ஆலாமிலிருந்து காரில் என் மனைவி மடியில் திறந்த கணினியோடு உட்கார்ந்து வந்தாள். தஞ்சோங் மாலிம் வருவதற்குள் பேட்டரி தீரும் நிலைக்கு வந்தது, மூடிவிட்டோம். மண்டபத்தில் மின்சாரம் கொடுத்து வேலை முடிந்தபோது பந்தி தொடங்கியிருந்தது. "அண்ணே, படம் ரெடியா?" என்று தங்கை நாலு முறை கேட்டுவிட்டாள். ஒரு வழியாக மதியம் 1 மணிக்குப் படம் ஓடியபோது பாதி நாற்காலிகள் காலி. அப்பாவின் தோட்டத்து நண்பர்கள் இருவர், பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சாப்பிட்டதும் கிளம்பியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து கணினியின் பதிவைப் பார்த்தேன். அது தூங்கிய நேரம் அதிகாலை 3.15. அப்போதுதான் கணக்கு புரிந்தது.

கணினிக்குள் காலத்தை அளக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கார் நிறுத்துமிடக் கட்டணம் போல. நாம் கடையில் தேநீர் குடித்தாலும் நேரம் ஓடும். மற்றொன்று முன்பு நாம் வாங்கிய வெளிநாட்டு அழைப்பு அட்டை போல. பேசும் நிமிடங்கள் மட்டும் கழியும். எதைப் பயன்படுத்துவது என்று செயலியை எழுதியவர் முடிவு செய்கிறார். என் செயலி முதல் ரகம். மாலை 7 மணியிலிருந்து எண்ணி, 3 மணிக்குக் கையை விட்டுவிட்டது. கையை விட்டது அவ்வளவுதான், கணினியைத் தூங்க வைக்கவில்லை. '15 நிமிடம் தொடாவிட்டால் தூங்கு' என்ற கணினியின் வழக்கமான அமைப்பு அதன் பிறகு வேலை செய்தது. அதுதான் அந்த 3.15.

செயலியைக் குறை சொல்லலாம். மிச்ச நேரத்தையோ முடியும் நேரத்தையோ அது காட்டியிருக்க வேண்டும். ஆனால் நானும் சோதித்துப் பார்க்கவில்லை.

சோதிப்பது எளிது. 10 நிமிடம் வைத்து, கணினியை 5 நிமிடம் மூடி, திறந்து பாருங்கள். எண்ணுவது எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது மறுபடி '1 மணி நேரம்' அழுத்தினால் அது கூடுகிறதா, புதிதாகத் தொடங்குகிறதா என்றும் பாருங்கள். 'இத்தனை மணி நேரம்' என்பதைவிட 'இத்தனை மணி வரை' என்று சொல்லும் வசதி நல்லது. விண்டோஸ் கணினிக்கான மைக்ரோசாஃப்ட் பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள 'அவேக்' கருவியில் நாளும் நேரமும் குறித்துவைக்கலாம். மேக் கணினியில் 'கஃபினேட்' என்ற கட்டளை கூடவே வருகிறது. அதற்கு நேரத்தை நொடிகளில் சொல்ல வேண்டும், 1 மணி நேரத்துக்கு 3600. முக்கியமான வேலை என்றால் நான் இப்போது காலவரம்பே வைப்பதில்லை. மின்சாரத்தில் இணைத்துவிட்டு, வேலை முடிந்ததும் கையால் நிறுத்துகிறேன்.

மறு வாரம் அப்பா படத்தை ஒரு பென் டிரைவில் போட்டுத் தரச் சொன்னார். "அவங்க ரெண்டு பேரும் இன்னும் பார்க்கலையேப்பா" என்றார். போட்டுக் கொடுத்து, நானே அவரை அவர்கள் வீட்டுக்குக் காரில் அழைத்துப் போனேன்.