சாம்பிள் கொண்டு வந்தீர்களா?

திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்கள் செங்கம் சாலையில் அந்த ஓசையைக் கேட்டிருப்பார்கள். பாரம் ஏற்றிய லாரி வேகம் பிடிக்கும்போது இன்ஜின் உறுமலுக்கு மேலே மெல்லிய விசில் ஒன்று எழும். ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அடங்கிவிடும். அதுதான் டர்போ.

இன்ஜின் வெளியே தள்ளும் புகையில் சூடும் விசையும் மிச்சமிருக்கின்றன. அதை ஒரு சிறு சக்கரத்தின் மேல் பாய்ச்சினால் சக்கரம் சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் எரிபொருளும் கூடுதலாக எரியும், சக்தி பெருகும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை இது.

இதே டர்போ பொருத்திய நாற்பது வயது தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பழுதாகி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். புது ஸ்பேர் கிடைக்கவில்லை. இனி எங்கே தேடுவது?

1970களின் இறுதியில் வந்த போர்ஷே 924 டர்போவையே எடுத்துக்கொள்ளலாம். பார்த்தால் பந்தயக் குதிரை. ஆனால் அதன் இன்ஜின் பிளாக் ஆடி 100 காரிலும், ஃபோக்ஸ்வேகனின் எல்டி என்ற சரக்கு வேனிலும் ஓடிய அதே குடும்பத்தைச் சேர்ந்தது. சஸ்பென்ஷனில் கோல்ஃப், பீட்டில் கார்களின் பாகங்கள் இருக்கின்றன. டர்போவோ ஜெர்மனியின் ஃபிராங்கென்தால் நகரத்து கே.கே.கே. நிறுவனத்தின் கே26. ஆடி குவாட்ரோவிலும் கே26தான். அந்த கே.கே.கே.வோடு கைகோத்துத்தான் 1982இல் சென்னையில் டர்போ எனர்ஜி நிறுவனம் தொடங்கியது. பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் ஃபைனான்ஸும் அதில் பங்காளிகள். அந்த வம்சத்து டர்போக்கள் நம் லாரிகளில் ஏறின. போர்ஷேயின் விசிலுக்கும் நம் நெடுஞ்சாலை விசிலுக்கும் இப்படி ஓர் உறவு இருப்பதை அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பு இன்னும் போகவில்லை.

ஆக, ஒரு பாகத்தின் அடையாளம் பெட்டியில் அச்சிட்ட பெயர் அல்ல. அதன் அளவும் அது செய்யும் வேலையும்தான். 6203 என்று பொறித்த பேரிங்கை எந்த நாட்டில் வாங்கினாலும் உள்துளை 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, தடிமன் 12. காரின் ஆல்டர்னேட்டரிலும் அது இருக்கலாம், கிணற்று மோட்டாரிலும் இருக்கலாம். ஆனால் எண்ணை அடுத்து 'சி3' என்று இருந்தால் கவனம் வேண்டும். உள்ளே குண்டுகளுக்குச் சற்றே கூடுதல் இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்; சூட்டில் உலோகம் விரியும்போது இறுகாமல் இருக்க அந்த இடம் தேவை. அளவு பொருந்தினாலும் வேலை பொருந்த வேண்டும் என்பதற்கு இந்த ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் போதும்.

டர்போவின் தண்டுக்கு வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 1,50,000 சுற்று சுழல்கிறது என்றால், நொடிக்கு 2,500 சுற்று. அதன் விளிம்பு மணிக்கு 1,400 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. ஒலியே அவ்வளவு வேகமாகப் போவதில்லை. 3 மில்லிகிராம் எடையுள்ள ஒரு கடுகு அந்த விளிம்பில் ஒட்டிக்கொண்டால், அது சக்கரத்தை ஒரு பக்கமாக இழுக்கும் விசை சுமார் 2 கிலோ எடைக்குச் சமம். இவ்வளவையும் தாங்குவது பெரும்பாலான பழைய டர்போக்களில் ஒரு வெண்கல புஷ்ஷும் எண்ணெய்ப் படலமும் மட்டுமே. தண்டு உலோகத்தைத் தொடுவதில்லை, எண்ணெயில் மிதக்கிறது. புஷ்ஷும் எண்ணெயில் மிதந்தபடி தானும் சுழல்கிறது.

அதனால்தான் அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் காற்றுக் குழாயைக் கழற்றி, தண்டின் முனையை இரு விரலால் பிடித்து அசைத்துப் பார்க்கிறார். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இருக்கும். அது எண்ணெய்க்கான இடம். சக்கரம் கூட்டின் சுவரை உரசினால் புஷ் தேய்ந்துவிட்டது. அப்போது ஒற்றைச் சக்கரத்தை மட்டும் வேறொன்றிலிருந்து எடுத்து மாட்டுவது கூடவே கூடாது. தண்டும் சக்கரங்களும் சேர்ந்து பேலன்ஸ் பார்த்தவை. இவையெல்லாம் சேர்ந்த 'கோர்' முழுவதையும் மாற்றுவதே சரி.

லாரி டர்போவை அப்படியே பெட்ரோல் காரில் ஏற்றுவதும் ஆபத்து. பெட்ரோல் இன்ஜினின் புகை 950 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். டீசல் புகை அதைவிடக் குளிர்ச்சியானது. டீசலுக்காக வார்த்த கூடு அந்தச் சூட்டில் வெடிப்பு விடலாம். ஹோஸ், கிளாம்ப், ஆயில் சீல் என்று எத்தனையோ பாகங்களுக்கு மாற்றுத் தேடலாம். இங்கே மட்டும் துணியக் கூடாது.

மாற்றுப் பாகம் நமக்குப் புதிதல்ல. கார்த்திகை தீபத்தின் ஏழாம் நாள் மாட வீதியில் தேர் பார்த்து வளர்ந்த ஊர் திருவண்ணாமலை. மரச் சக்கரம் கழன்ற இடத்தில் திருச்சி பெல் ஆலையின் இரும்புச் சக்கரமும் அச்சும் பூட்டிய தேர்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. திருவாரூர் ஆழித்தேர் அவற்றுள் ஒன்று. பொருள் மாறியது, தாங்கும் வேலை மாறவில்லை.

சென்னையின் உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டைக்குப் போனாலும் சரி, உள்ளூர் லேத் பட்டறைக்குப் போனாலும் சரி, முதல் கேள்வி ஒன்றுதான்: "சாம்பிள் கொண்டு வந்தீங்களா?" உடைந்த பாகம்தான் அதன் வரைபடம். வெர்னியர் வைத்து அளக்கவும், துளைகளின் இடம் பார்க்கவும், மங்கிய எண்ணை டார்ச் அடித்துப் படிக்கவும் அது கையில் இருந்தாக வேண்டும். ஆகவே, பழைய வண்டி வைத்திருப்பவர்களே, கழற்றிய பாகத்தைக் காயலான் கடைக்கு அன்றே போட்டுவிடாதீர்கள். புதியது மாட்டி, ஓடி, சூடேறி, ஒழுகாமல் நிற்கும்வரை பழையதைத் துடைத்து, எண்ணைக் குறித்து, எடுத்து வையுங்கள்.