முகவரிக்குள் ஒரு கணக்கு

(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு)

குற்றாலத்திற்கு 627802, தென்காசிக்கு 627811. 1972 இல் நடைமுறைக்கு வந்த இந்த அஞ்சல் குறியீட்டு எண்களில் முதல் மூன்று இலக்கங்கள் வட்டாரத்தையும், பிந்திய மூன்றும் அஞ்சலகத்தையும் குறிப்பன. கணினியின் ஐ.பி. முகவரியும் இவ்வாறே வலையின் பகுதி, கணினியின் பகுதி என இரு கூறுகளை உடையது. ஆனால் இங்கே பிரியும் இடம் மாறக்கூடியது. அதைக் காட்டுவதே ‘சப்நெட் மாஸ்க்’.

ஐ.பி. நான்காம் பதிப்பு முகவரி 32 பிட்டுகளால் ஆனது. 192.168.10.77/27 என்னும் முகவரியை எடுத்துக்கொள்வோம். முதல் 27 பிட்டுகள் வலைக்கு உரியவை, மீதி 5. இரண்டை ஐந்து முறை பெருக்க 32 வரும். ஆகவே கடைசி எண் 0, 32, 64, 96 என 32 ஆக அடுக்கப்படும். 77 விழுவது 64-க்கும் 96-க்கும் இடையில். எனவே 64 வலையின் முகவரி. 95 வலையிலுள்ள அனைவருக்கும் ஒருசேரச் செய்தி அனுப்பும் முகவரி. எஞ்சிய 65 முதல் 94 வரை 30 கணினிகளுக்கு ஆகும். 100 என்னும் எண் பெற்ற கணினி அடுத்த மேசையிலேயே இருப்பினும் வேறு வலை. ரூட்டர் வழியாகத்தான் பேச இயலும்.

மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்துள்ளது. இத்துறை வேலைகள் நம் ஊர் எல்லைக்கே வந்துவிட்டன. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இக்கணக்கைச் சொல்லித்தர வீட்டில் எவருமில்லை. ஆயினும் இதற்குக் குறுக்குவழி ஒன்றுண்டு. /27-க்குரிய மாஸ்க் 255.255.255.224. 256-இல் 224 போக மீதி அதே 32. கழித்தல் தெரிந்த எவர்க்கும் இது எட்டாக் கனியன்று, நண்பர்களே!