டெக்கோடர் இலவசம், ஏரியலை மாட்டுவது யார்?

மலேசியாவில் அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு 2019-ஆம் ஆண்டில் முற்றாக நிறுத்தப்பட்டது. ஜூலை 21-ஆம் தேதி லங்காவியில் தொடங்கிய இந்த மாற்றம், அக்டோபர் 31-ஆம் தேதி சபா, சரவாக்கோடு முடிவுற்றது. அதன் பிறகு கூரை ஏரியல் வழி டிவி1, டிவி2, டிவி3 பார்க்க வேண்டுமானால் டெக்கோடர் பெட்டி வேண்டும். இல்லையேல் இலக்கவியல் அலையை நேரடியாகப் பெறும் புதிய தொலைக்காட்சி வேண்டும்.

ஆஸ்ட்ரோ வைத்திருந்த வீடுகளில் இம்மாற்றம் தெரியவே இல்லை. 2012-இல் அறிமுகமான, மாதக் கட்டணமில்லாத என்ஜாய் வாங்கியவர்களுக்கும் கவலையில்லை. சுமை விழுந்தது ஏரியலை மட்டுமே நம்பியிருந்தவர்கள் மீதுதான். உலு யாம், பத்தாங் காலி, பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) போன்ற வட்டாரங்களில், தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகள் பட்டணம் போய்விட்ட வீட்டில் தனித்திருக்கும் முதியவரை எண்ணிப் பாருங்கள். டிவி2-இன் தமிழ்ச் செய்தி அவருக்குப் பொழுதுபோக்கு அன்று. நாட்டு நடப்பு அவர் மொழியில் வீட்டுக்குள் வருவது அதன் வழிதான்.

அரசாங்கம் சும்மா இருந்துவிடவில்லை. உதவித் தொகை பெறும் குடும்பங்களுக்கு மைஃப்ரீவியூ டெக்கோடர் இலவசமாக வழங்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெட்டி கைக்கு வந்துவிட்டால் படம் வந்துவிடுமா?

கிள்ளான் பள்ளத்தாக்கில் டிவி1, டிவி2 இரண்டும் பழைய வி.எச்.எப். அலையில் வந்தவை. அதற்கான ஏரியலின் கம்பிகள் நீளமானவை. இலக்கவியல் ஒளிபரப்போ யு.எச்.எப். அலையில் வருகிறது, அதற்குக் கம்பிகள் குட்டையான வேறு ஏரியல் தேவை. பல வீடுகளில் கூரையில் ஏறித்தான் ஆக வேண்டும். எழுபது வயதில் யார் ஏணி ஏறுவது? ஆள் வைத்தால் கூலி. பழைய பெட்டி டிவியாக இருந்தால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களைப் பொருத்தி, டிவியை ஏவி-க்கு மாற்ற வேண்டும். ரிமோட் ஒன்றுக்கு இரண்டாகிவிடும்.

இன்னொரு சிக்கல் பலருக்குப் புரிவதில்லை. அனலாக்கில் அலை குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக மழை பெய்யும். ஆனாலும் முகம் தெரியும், குரல் கேட்கும். ஒருவர் வெளியே கம்பத்தைத் திருப்ப, மற்றொருவர் உள்ளிருந்து “இப்ப தெரியுது, விடு!” என்று கத்தும் காட்சியைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இலக்கவியலில் அந்த வசதி இல்லை. அலை ஓர் அளவுக்குக் கீழே போனால் படம் உறைந்துவிடும், அல்லது அடியோடு மறைந்துவிடும். எந்தப் பக்கம் திருப்பினால் சரியாகும் என்று திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கெந்திங் மலையடிவாரத்தில் இருக்கும் உலு யாமில் குன்று ஒன்று குறுக்கே நின்றாலே போதும், அலை மங்கிவிடும். முதியவர் என்ன நினைப்பார்? பெட்டி கெட்டுவிட்டது என்று துணியில் சுற்றி வைத்துவிடுவார்.

பிரிட்டனில் 2007 முதல் 2012 வரை இதே மாற்றம் நடந்தது. அங்கே 75 வயதைத் தாண்டியவர்களுக்கும் கடுமையான உடற்குறை உள்ளவர்களுக்கும் தனி உதவித் திட்டம் இருந்தது. பெட்டியோடு ஆளும் வீட்டுக்கு வருவார், பொருத்தித் தருவார், ரிமோட்டைக் கையாளக் கற்றுக் கொடுப்பார், தேவைப்பட்டால் ஏரியலையும் மாற்றித் தருவார். பலரிடம் 40 பவுன் வாங்கினார்கள். உதவித் தொகை பெறும் ஏழைகளுக்கு அதுவும் இல்லை. அமெரிக்காவில் தலா 40 டாலருக்குக் கூப்பன் தந்தார்கள். 2009 தொடக்கத்தில் அதற்கான பணம் தீர்ந்து போய், பிப்ரவரியில் நடக்க வேண்டிய மாற்றத்தை ஜூன் 12-க்குத் தள்ளிப் போட்டார்கள். பணக்கார நாட்டிலேயே இந்த நிலை!

இது முதியோர் விஷயம் மட்டுமன்று. 2021 பிப்ரவரியில், பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, கல்வி அமைச்சின் டிடிக் டிவி தொடங்கப்பட்டது. இணைய வசதி இல்லாத பிள்ளைகளுக்கு அது பாடம் கொண்டு வந்தது. தாத்தா துணியில் சுற்றி வைத்த பெட்டி அப்போது பேரனுக்கும் தேவைப்பட்டது. பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் அரை மணி நேரம் ஒதுக்கினால், ஏரியலைத் திருப்பி, டெக்கோடரில் அலைவரிசைத் தேடலை மீண்டும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம்.