சீட்டும் சம்பாத்தியமும்

"சூது வேறு, சாமர்த்தியம் வேறு. போக்கர் ஆட்டம் சாமர்த்தியத்தைச் சேர்ந்தது" என்று வாலிப நண்பர் ஒருவர் நமது வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வெகு நேரம் வாதித்தார். அவர் பேச்சுக்கு ஆதாரம் இல்லாமற் போகவில்லை. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று சுப்ரீம் கோர்ட் 1967-லேயே தீர்ப்புக் கூறியிருக்கிறது. 2023-ல் சென்னை ஹைகோர்ட் போக்கரையும் அதே பந்தியில் உட்கார்த்தி வைத்தது. ஆனால் 2025-ல் பார்லிமெண்ட் சட்டம் ஒன்று இயற்றி, திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் தடை விதித்துவிட்டது.

"அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரத்தில் இதையே தொழிலாகக் கொண்டு ஜீவிக்கிறவர்கள் இருக்கிறார்களே!" என்று நண்பர் முடித்தார்.

உள்ளேயிருந்த பாட்டி இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தாள் போலும். "சாமர்த்தியம் என்றே வைத்துக்கொள்ளடா அப்பா! மாசம் பிறந்தால் வீட்டுக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டாள்.

கோர்ட்டுகள் கேட்காத கேள்வி இது. குடும்பஸ்தர்கள் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே. ஆகவே காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

ஆட்டத்தின் இயல்பு

லாஸ் வேகாஸில் அதிகமாக ஆடப்படும் போக்கருக்கு 'டெக்ஸாஸ் ஹோல்டம்' என்று பெயர். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு மேஜைமேல். கையில் இரண்டு ஆஸ் வருவதைவிட உயர்ந்த ஆரம்பம் கிடையாது. அது 221 கைக்கு ஒரு முறைதான் வரும். எதிராளியிடம் இரண்டு ராஜா இருக்க, இருவரும் கையிலுள்ள பணம் முழுவதையும் வைத்துவிட்டார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆஸ் வைத்திருப்பவர் நூற்றுக்கு 82 தடவை ஜயிப்பார். 18 தடவை தோற்பார். அந்தப் பதினெட்டிலும் அவர் ஒரு பிழையும் செய்தவரல்ல. சரியானதைச் செய்தும் பணம் போயிற்று.

திறமை உண்டு என்பது உண்மையே. ஆனால் அதன் கூலி அன்றன்று கைக்கு வந்து சேருவதில்லை. நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆடிய பிறகு, சராசரியில்தான் அது முகம் காட்டுகிறது.

குமாஸ்தாவின் கணக்கு

லாஸ் வேகாஸில் ஒரு குமாஸ்தா இருப்பதாக வைத்துக்கொள்வோம். மனைவியும் ஒரு குழந்தையும் உள்ளவர். அவர் ஆடும் மேஜையில் கட்டாயப் பந்தயம் 2 டாலரும் 5 டாலரும். கையில் 500 டாலர் எடுத்துக்கொண்டு உட்காருவது வழக்கம். அவர் கெட்டிக்கார ஆட்டக்காரர். மணிக்குச் சராசரி 25 டாலர் ஆதாயம் பெறுகிறார்.

அந்த 25 டாலர் சுலபமாக வருவதன்று. ஒவ்வொரு கையிலும் மேஜைக்காரர் கமிஷன் எடுக்கிறார். கைக்கு 3 டாலர், மணிக்கு 30 கை என்று கொண்டால் 90 டாலர் மேஜையை விட்டே போய்விடுகிறது. ஒன்பது பேர் ஆடினால் ஆளுக்கு 10 டாலர். ஆகவே நமது குமாஸ்தா மற்றவர்களிடமிருந்து 35 டாலர் பறித்தால்தான் 25 டாலரை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். சுமாரான ஆட்டக்காரருக்கோ மணிக்கு 10 டாலர் நஷ்டம் நிச்சயம்.

அடுத்தபடியாக ஏற்றத்தாழ்வைக் கவனிப்போம். இத்தகைய மேஜையில் ஒரு மணி நேரத்துக் கணக்கு, சராசரியிலிருந்து 250 டாலர் இப்புறமோ அப்புறமோ விலகுவது சாதாரணம். ஆடும் நேரம் நான்கு மடங்கானால் ஆதாயமும் நான்கு மடங்காகும். விலகல் இரண்டு மடங்குதான் ஆகும். காலம் செல்லச் செல்லத் திறமை அதிர்ஷ்டத்தை முந்துவது இதனாலேயே. ஆனால் அது முந்துகிற வேகம் இருக்கிறதே, அது நத்தையின் வேகம்!

நாளைக்கு எட்டு மணி நேரம் ஆடினால் 200 டாலர் சராசரி ஆதாயம். அப்படியிருந்தும் நூறு நாளில் சுமார் 39 நாள் நஷ்டத்தோடுதான் வீடு திரும்புவார். மாதம் 160 மணி ஆடினால் 4,000 டாலர் எதிர்பார்க்கலாம். ஆயினும் பத்து மாதத்தில் ஒரு மாதம் ஒரு டாலர்கூட மிஞ்சாமல் கைப்பணம் குறையும். அவருடைய குடும்பச் செலவு மாதம் 3,200 டாலர் என்றால், ஐந்து மாதத்தில் இரண்டு மாதம் அந்தச் செலவுக்குக்கூட வருமானம் போதாது. மளிகைக் கடைக்காரர் சராசரியை ஏற்றுக்கொள்வாரா?

விதைநெல்

இவ்விடத்தில்தான் கைமுதலின் முக்கியம் விளங்குகிறது. ஆட்டக்காரனுக்குக் கைமுதல் என்பது குடியானவனுக்கு விதைநெல் போன்றது. மழை பொய்த்த வருஷத்தில் பசி பொறுக்காமல் விதைநெல்லைக் குத்தித் தின்றுவிட்டவன், அடுத்த வருஷம் மழை கொட்டினாலும் எதை விதைப்பான்?

கையிலுள்ள முதல் ஒரு நாள் அடியோடு கரைந்துபோகும் அபாயம் எவ்வளவு என்று கணக்கிட வழி உண்டு. 1654-ல் பிரான்ஸ் தேசத்தில் பாஸ்கல், பெர்மா என்ற இரு மேதைகள் சூதாட்டப் புதிர்களைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டதிலிருந்து வளர்ந்த சாஸ்திரம் அது. நமது குமாஸ்தாவிடம் 10,000 டாலர் முதல் இருக்கிறது. ஆதாயத்தில் ஒரு காசும் தொடாமல் ஆடிக்கொண்டே போனால், அவர் என்றேனும் ஓட்டாண்டியாகும் அபாயம் பதினாயிரத்தில் மூன்று பங்குதான். இதைக் கண்டு நமது வாலிப நண்பர் துள்ளிக் குதித்தார்.

"சரி, சாப்பாடு?" என்றாள் பாட்டி.

மாதம் 3,200 டாலர் செலவென்றால், ஆடும் மணி ஒன்றுக்கு 20 டாலர் ஆகிறது. 25-ல் 20 போய் முதலில் சேருவது 5 டாலர். ஏற்றத்தாழ்வோ ஒரு சிறிதும் குறையவில்லை. இப்போது அதே 10,000 டாலர் முழுகிப்போகும் அபாயம் ஐந்தில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது! கையில் 5,000 மட்டும் இருந்தால் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. அபாயம் நூற்றில் இரண்டுக்குள் அடங்க வேண்டுமானால் 25,000 டாலர் வேண்டும். ஐந்நூறு டாலர் மேஜையில் உட்காருவதற்கு அதைப் போல் ஐம்பது மடங்கு பணம்! அதுவும் வீட்டுச் செலவு, வைத்தியச் செலவு, பிள்ளையின் படிப்பு எதற்கும் தொடாத பணம்.

இவ்வளவும் மணிக்கு 25 டாலர் என்பது மெய்யாக இருந்தால்தான். அவருடைய உண்மையான திறமை 20 டாலருக்குத்தான் என்றால், எவ்வளவு பெரிய முதலும் ஒரு நாள் கரைந்தே தீரும்.

தன்னை அறிதல்

தம் திறமை இவ்வளவு என்று ஒருவர் எப்படி அறிவது? நமது குமாஸ்தா உத்தியோகத்தில் இருந்தபடியே, சனி ஞாயிறுகளில் 100 மணி நேரம் ஆடி 2,500 டாலர் ஜயித்திருக்கிறார். மணிக்கு 25 ஆயிற்று. வேலையை ராஜினாமாச் செய்துவிடலாம் என்று எண்ணுகிறார். ஆனால் லாபமும் நஷ்டமும் இல்லாத வெறும் சமன் ஆட்டக்காரர்கள் ஆறு பேரை 100 மணி நேரம் ஆடவிட்டால், அவர்களில் ஒருவர் அதிர்ஷ்டவசமாக அவ்வளவு அல்லது அதற்கு மேல் ஜயித்திருப்பார். தாம் அந்த ஆறாவது ஆள் அல்ல என்று குமாஸ்தாவுக்கு யார் சொன்னார்கள்? ஜயித்தால் நம் புத்தி, தோற்றால் கெட்ட சீட்டு என்று சொல்லிக்கொள்வது மனிதனுடைய சுபாவம்.

இருவர் கதை

2003-ல் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் பந்தயத்தில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் ஜயித்து 25 லட்சம் டாலர் பெற்றார். நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். அவரோ நூறு டாலருக்கும் குறைவான இணையப் பந்தயம் ஒன்றில் ஜயித்து அந்த இடத்தைப் பெற்றவர். அவர் பெயரை உலகம் கொண்டாடியது. உடன் ஆடியவர்கள் 838 பேர். அவர்களை நினைத்துப் பார்ப்பவர்கள் யார்?

இன்னொருவர் ஸ்டூ அங்கர். 1980, 1981, 1997 என்று மூன்று முறை அதே பந்தயத்தில் முதல்வராக வந்தவர். அவரைப் போன்ற மேதை சீட்டாட்டத்தில் அபூர்வம் என்பார்கள். ஆனால் மேஜையில் சம்பாதித்தது குதிரைப் பந்தயத்திலும் வேறு பந்தயங்களிலும் போதை மருந்திலும் போய்க்கொண்டே இருந்தது. 1997-ல் அவருக்காக நுழைவுக் கட்டணத்தை வேறொருவர் கட்ட வேண்டியிருந்தது. பத்து லட்சம் டாலர் பரிசில் பாதி அவருக்குப் போயிற்று. மறு வருஷம் நவம்பரில், லாஸ் வேகாஸில் மலிவான விடுதி அறை ஒன்றில், தமது 45-ஆவது வயதில் அங்கர் இறந்து கிடந்தார். அவருக்குச் சாமர்த்தியம் குறைவென்று யார் சொல்ல முடியும்? விதைநெல்லைக் காக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

திருவள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். தருமபுத்திரர் கதையும் நளன் கதையும் நாம் அறியாததல்ல. ஆனால் அவர்கள் ஆடத் தெரியாமல் தோற்றார்கள் என்று இக்காலத்து வாலிபர்கள் பதில் சொல்லிவிடுகிறார்கள். ஆடத் தெரிந்தவனுடைய கணக்கே இப்படி இருக்கிறது என்பதைக் காட்டவே இவ்வளவும் எழுதினோம்.

கணக்கைக் கேட்ட நண்பர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "25,000 டாலர் கையில் இருந்தால் ஆடலாம் என்கிறீர்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நாம் வாயைத் திறப்பதற்குள் பாட்டி முந்திக்கொண்டாள். "அவ்வளவு பணம் கையில் இருக்கிறவன் எதற்கடா சீட்டாடிப் பிழைக்க வேண்டும்? எழுந்திரு, காப்பி ஆறிப்போகிறது!"