அடுக்குற அழகும் விற்கும்

பறித்த பிறகும் கீரை உயிரோடுதான் இருக்கு, மூச்சு விடுது. இலை வழியே தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். உறிஞ்சித் தர வேர் இல்லை. அதனால்தான் வாடுது. வாடிய கீரையை, நஞ்சில்லாததுன்னு சொன்னாலும் யாரும் வாங்க மாட்டாங்க. உழைப்பெல்லாம் மாட்டுக்குத்தான் போகும்.

அதனால் நான் விடியறதுக்குள்ள பறிச்சு, நிழலில் வைத்து, வாழைநாரில் கட்டி, ஈரச் சாக்கு போர்த்தி உழவர் சந்தைக்குக் கொண்டு போறேன். 1999-ல் மதுரையில் தொடங்கிய ஏற்பாடு இது. இடைத்தரகர் கிடையாது, நாமேதான் வியாபாரி. எனவே கடையை அடுக்குறதும் நம்ம வேலைதான்.

அடுக்குறதுக்கு எனக்குப் பாடம் வாசல் கோலமும் பூக்கடையும்தான். பச்சைக்குப் பக்கத்தில் பச்சை வைத்தால் எதுவும் தெரியாது. அரைக்கீரைக்கு அருகே சிவப்புத் தண்டுக்கீரை, நடுவே மஞ்சள் எலுமிச்சை வைத்தால் தூரத்திலேயே கண் நிற்கும். பனையோலைக் கூடையில் காற்றோட்டம் உண்டு. பாலித்தீன் பையில் வியர்த்து அழுகும். கீழே உள்ள கட்டு நசுங்காமல் இரண்டு அடுக்கோடு நிறுத்துங்க.

செலவில்லாத வேலைதான் நண்பர்களே. நாளைக்கே செய்து பாருங்க.