‘ஆம்’ என்று அழுத்துவதற்கு முன்



நான் செய்த ஒரு பிழையைப் பற்றி இந்த மாதம் உங்களுடன் பேசப் போகிறேன். வெட்கமாகத்தான் இருக்கின்றது. ஆனாலும் என்னுடைய பிழை உங்களில் ஒருவரின் காசையாவது காப்பாற்றினால் அதுவே எனக்குப் போதும்.

1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னியில் போய்க் குடியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கிளிநொச்சியில்தான் வளர்ந்தேன், அங்கேதான் மணமுடித்தேன். 2009இல் கணவரை இழந்தேன். முகாமிலிருந்து வெளியே வந்ததும் இரண்டு பிள்ளைகளுடன் ஹட்டனுக்கு அருகே பெரியம்மா வாழ்ந்த தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். இப்போது நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு லயக் காம்பராவில் தையல் வேலை செய்து வருகின்றோம்.

ஒரு நாள் இரவு என் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. ‘பாதிக்கப்பட்ட பெண்களுக்கான கருத்துக்கணிப்பு. நான்கு கேள்விகளுக்குப் பதில் அளியுங்கள், உதவித்தொகை பெறுங்கள்’ என்று அதில் இருந்தது. முதலாவது கேள்வி: ‘நீங்கள் யுத்தத்தால் பாதிக்கப்பட்டவரா? ஆம், இல்லை.’ எத்தனையோ படிவங்களில் எழுதிக் கொடுத்த பதில்தானே அது. யோசிக்காமல் ‘ஆம்’ என்பதை அழுத்தினேன். நான்கு கேள்விகளும் முடிந்ததும், ‘இதை இருபது பேருக்கு அனுப்பினால்தான் உங்கள் பெயர் பதிவாகும்’ என்று வந்தது. முகாமில் ஒன்றாக இருந்த சகோதரிகள் இருபது பேருக்கு அனுப்பினேன். அதற்குள் போனில் டேட்டா முடிந்துவிட்டதால் அடுத்த பக்கத்துக்கு நான் போகவில்லை. என் காசு தப்பியதற்கு அது மட்டுமே காரணம்.

கிளிநொச்சியில் இருக்கும் ஒரு தங்கச்சி அடுத்த பக்கத்துக்கும் போயிருக்கிறாள். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் கொடுத்திருக்கிறாள். பிறகு ஒருவர் அழைத்து, போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டிருக்கிறார். அதையும் சொல்லியிருக்கிறாள். கோழிக்கூடு போடுவதற்கென்று அவள் சேர்த்து வைத்த 28,000 ரூபாவும் போய்விட்டது. அவள் என்னை ஏசவில்லை. “அக்கா, நீங்கள் அனுப்பினதெண்டபடியால்தான் நம்பினனான்” என்று மட்டும் சொன்னாள். ஏசியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நம்பிக்கைதான் முதல்

அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் இந்த வியாபாரத்தின் இரகசியம் இருக்கின்றது. ஒரு கம்பனி பத்திரிகையில் விளம்பரம் போட்டால் காசு கொடுக்க வேண்டும். அதே விடயத்தை நாமே ஒருவருக்கொருவர் அனுப்பினால் கம்பனிக்குச் செலவில்லை. தடிமன் காய்ச்சல் ஒருவரிலிருந்து இருவருக்கும், இருவரிலிருந்து நால்வருக்கும் தொற்றுவது போலப் பரவுவதால் இதை ‘வைரல்’ என்கின்றார்கள். வாக்கெடுப்பும் புதிர்ப் போட்டியும் இதற்கு நல்ல வாகனங்கள். எங்களிடம் யாராவது கருத்துக் கேட்டால் மனம் குளிர்ந்துவிடுகின்றது. பதில் சொன்னவுடன் மற்றவர் என்ன சொன்னார் என்று அறியவும் ஆசை வருகின்றது. ஆகவே நாமே பரப்புகின்றோம்.

நேர்மையான கம்பனிகளும் இப்படிச் செய்கின்றன. எந்த வாசனைச் சவர்க்காரம் பிடிக்கும் என்று கேட்டு, அதன்படி பொருளைச் செய்வதில் குற்றமில்லை. ஆனால் கேட்பவர் யார், பதில் எங்கே போகின்றது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

படித்தவர்களும் ஏமாந்த கதை ஒன்று உண்டு. 2014ஆம் ஆண்டளவில் பேஸ்புக்கில் ‘உங்கள் குணம் எப்படிப்பட்டது?’ என்று சொல்லும் ஒரு கேள்விக்கொத்து வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் உருவாக்கியது அது. ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர்தான் அதில் சேர்ந்தார்கள். ஆனால் அவர்களுடைய நண்பர்களின் விபரங்களும் அவர்கள் அறியாமலே எடுக்கப்பட்டன. மொத்தம் 8 கோடியே 70 இலட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று பேஸ்புக் நிறுவனமே 2018இல் கூறியது. அந்த விபரங்கள் தேர்தல் பிரசார வேலை செய்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா என்ற கம்பனியின் கைக்குப் போயிருந்தன. ஒருவர் சொல்லும் பதில் அவருடன் மட்டும் நிற்பதில்லை, அவரை நம்பியவர்களையும் இழுத்துக்கொண்டு போகின்றது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நாங்கள் நடத்திய வாக்கெடுப்பு

அப்படியானால் இந்த வாக்கெடுப்பே வேண்டாமா? அப்படியில்லை. எங்கள் தையல் குழுவே அதைப் பயன்படுத்துகின்றது. ஆனால் அங்கேயும் முதலில் தவறித்தான் விழுந்தோம்.

வட்ஸ்அப் குழுக்களில் வாக்கெடுப்பு நடத்தும் வசதி 2022ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. தீபாவளிக்கு என்ன தைக்கலாம் என்று எங்கள் தோட்டத்துக் குழுவில் கேட்டோம். அறுபத்தொரு பேர் பதில் போட்டார்கள். அதிகம் பேர் கேட்டது கைப்பை. நாற்பது பை தைத்தோம். விற்றது ஒன்பது!

ஏன் என்று பிறகுதான் விளங்கியது. வாக்களித்தவர்களில் அநேகம் பேர் கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள். சம்பள நாளில் எங்களிடம் பொருள் வாங்குபவர்கள் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள். அவர்களில் பலரிடம் அந்த வகைப் போன் இல்லை. இருந்தாலும் பகலில் அது கையில் இருக்காது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு அக்காவிடம் இதைச் சொன்னேன். “ஏன் புள்ள, எங்ககிட்ட யாரு கேட்டா?” என்றார்.

உலகத்திலே பெரிய பத்திரிகை ஒன்றும் இதே பிழையைச் செய்திருக்கின்றது. 1936இல் அமெரிக்காவில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற சஞ்சிகை ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் கருத்துக்கணிப்பு நடத்தியது. இருபது இலட்சத்துக்கும் அதிகமானோர் பதில் அனுப்பினார்கள். லாண்டன் என்பவர் வெல்வார் என்று அந்தச் சஞ்சிகை எழுதியது. ஆனால் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46இல் வென்றார். தொலைபேசி வைத்திருப்போர், கார் வைத்திருப்போர் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலும் பெயர்களை எடுத்திருந்தார்கள். ஏழைகள் அந்தப் பட்டியல்களில் குறைவு. பதில் அனுப்பியவர்களும் எல்லோரையும் போன்றவர்கள் அல்லர். மிகக் குறைந்த தொகையினரிடம், ஆனால் பலதரப்பட்டவர்களிடமும் கேட்ட கலப் என்பவரின் கணிப்பே வெற்றியாளரைச் சரியாகச் சொன்னது. எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதைவிட, யார் விடுபட்டார்கள் என்பதே முக்கியம்.

அதன் பிறகு நாங்கள் போனில் கேட்பதுடன் நிறுத்துவதில்லை. பிள்ளைக் காம்பராவிலும், கொழுந்து நிறுக்கும் இடத்திலும், கோயிலடியிலும் பத்துப் பத்துப் பேரிடம் அதே கேள்வியைக் கேட்டுக் கொப்பியில் எழுதுகின்றோம். இடுப்பில் கட்டும் படங்கில் வெற்றிலைக்கும் போனுக்கும் ஒரு பை வைத்துத் தரும்படி அந்த அக்காமார்தான் கேட்டார்கள். இன்று எங்கள் அடுப்பெரிவது அந்தப் படங்கினால்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வட்ஸ்அப் குழுவில் வாக்களித்தால் யார் எதற்கு வாக்களித்தார் என்பது குழுவில் உள்ள எல்லோருக்கும் தெரியும். ஆகவே கடன், கணவனின் அடி, காணாமற்போனவர் பற்றிய விடயங்களை ஒருபோதும் அப்படிக் கேட்கக் கூடாது. அவை நேரில், ஒருவருக்கொருவர் பேச வேண்டியவை.

கைமாறும் செய்தி நல்லதையும் செய்யும்

2018 ஒக்டோபரில் நாட்சம்பளம் 1,000 ரூபா கேட்டு ஆயிரக்கணக்கான மலையக இளைஞர் யுவதிகள் கறுப்பு உடையில் கொழும்பு காலிமுகத்திடலில் கூடினார்கள். அந்த அழைப்பும் போனில் கைக்குக் கைமாறித்தான் பரவியது. 1,000 ரூபா வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச் மாதத்தில். செய்தி பரவியதும் சம்பளம் வந்துவிடவில்லை, இரண்டு வருடத்துக்கு மேல் போராட வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த அழைப்பை அனுப்பியவர்களுக்குத் தாம் எதைக் கேட்கின்றோம், யாருக்காகக் கேட்கின்றோம் என்பது தெரிந்திருந்தது. நான் அனுப்பிய செய்தியைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. வித்தியாசம் அதுதான்.

எனவே சகோதரிகளே, இப்படி ஒரு செய்தி வந்தால் மூன்றைப் பாருங்கள். கேட்பவர் யார்? என் பதிலை வைத்து என்ன செய்யப் போகிறார்? ஏன் மற்றவர்களுக்கு அனுப்பச் சொல்கிறார்? இவற்றுக்கு விடை தெரியாவிட்டால் அழுத்தாதீர்கள், அனுப்பாதீர்கள். உதவித்தொகை என்றால் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ விசாரியுங்கள். போனுக்கு வரும் இரகசிய எண்ணை வங்கிக்காரர் என்று சொல்பவருக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் உடனே வங்கிக்கு அறிவித்துக் கணக்கை நிறுத்துங்கள், பொலிசிலும் முறையிடுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

நான் அனுப்பிய இருபது பேருக்கும் அழைத்து உண்மையைச் சொன்னேன். இருவர் அப்போதுதான் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள், நிறுத்திவிட்டார்கள். கிளிநொச்சித் தங்கச்சிக்குப் படங்கு விற்ற காசில் மாதம் மாதம் கொஞ்சம் அனுப்புகிறேன். வேண்டாம் என்றுதான் சொன்னாள். போன மாதம் கோழிக்கூட்டுக்குக் கம்பி வாங்கிவிட்டதாகப் படம் அனுப்பியிருந்தாள். அந்தப் படத்தைத் திறப்பதற்கு முன்னும், அது உண்மையில் அவளுடைய இலக்கம்தானா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.